சளியோடு பறக்கச் சொல்லும் பயணச்சீட்டு

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் மூக்கடைப்பும் தலைபாரமும் எட்டிப் பார்க்காத வீடு குறைவு. செய்யாற்றங்கரையில் இருக்கும் மாகறலிலும், அங்கிருந்து உத்திரமேரூர் வரையுள்ள ஊர்களிலும் இது ஆண்டுதோறும் வந்துபோகும் தொல்லை. சுக்குக் காபியும் நொச்சி இலை ஆவியும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அப்படியே சரியாகியும் விடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வந்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்களின் விமானப் பயணங்கள் குவிவதும் இந்தப் பருவத்தை ஒட்டித்தான். இரண்டும் ஒருவருக்கு ஒரே நாளில் நேர்ந்தால் என்ன செய்வது? மூக்கும் காதும் அடைத்திருக்கும்போது பயணத்தைத் தள்ளிப்போடு என்கிறது மருத்துவம். தள்ளிப்போட்டால் பணம் போகும் என்கிறது பயணச்சீட்டு. இந்த முரணை நோயாளியின் தலையில் கட்டிவிட்டு அரசும் விமான நிறுவனங்களும் ஒதுங்கி நிற்பது நியாயமில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், ஒரே ஒருமுறை, கட்டணமில்லாமல் பயணத் தேதியை மாற்றிக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு பயணிக்கும் விதியாகவே கிடைக்க வேண்டும்.

சளிக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். தரையில் இருக்கும்வரை அந்தக் கேள்வி சரிதான். விமானத்துக்குள் நிலைமை மாறுகிறது. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் உள்ளே தரைமட்டத்துக் காற்றழுத்தம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் மலைமேல் என்ன அழுத்தம் இருக்குமோ அதுவரை உள்ளறையின் அழுத்தம் குறையலாம் என்பதுதான் பயணிகள் விமான வடிவமைப்பில் பின்பற்றப்படும் வரம்பு. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய ரகங்களில் இது 6,000 அடி அளவில் வைக்கப்படுகிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக மலையேறும்போது வளைவுக்கு வளைவு காது அடைத்துத் திறப்பதை அந்தப் பாதையில் போன எல்லோரும் அறிவார்கள். பேருந்து அந்த ஏற்றத்துக்கு மணிக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விமானத்தின் உள்ளறை ஊட்டிக்கும் மேலான உயரத்துக்குச் சுமார் இருபது நிமிடத்தில் போகிறது. இறங்கும்போதும் ஏறக்குறைய அதே வேகத்தில் கடல்மட்டத்துக்குத் திரும்புகிறது. 8,000 அடியில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆகவே உடலுக்குள் அடைபட்டிருக்கும் காற்று மேலே போகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக விரிகிறது, கீழே வருகையில் அதே அளவு சுருங்குகிறது.

உடலில் காற்று அடைபட்டிருக்கும் இடங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று செவிப்பறைக்கு உட்புறமுள்ள நடுக்காது. மற்றொன்று நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்கைச் சுற்றியும் இருக்கும் சைனஸ் அறைகள். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. யூஸ்டேசியன் குழாய் என்பார்கள். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறந்து உள்ளும் புறமும் அழுத்தத்தைச் சமமாக்குகிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே ஏறும்போது விரியும் காற்று அந்தக் குழாயைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே நுழைய வேண்டும். தசைகள் இழுத்துத் திறந்தால்தான் நுழைய முடியும். சளியால் குழாயின் சுவர் வீங்கியிருந்தால் அந்தத் திறப்பு நடப்பதில்லை. நேரம் போகப் போக வெளி அழுத்தம் கூடி, ஒரு கட்டத்துக்கு மேல் குழாய் இறுக மூடிக்கொள்கிறது. அப்புறம் எத்தனை முறை விழுங்கினாலும் பயனில்லை. செவிப்பறை உள்நோக்கி உறிஞ்சப்படுகிறது. வலி, நீர்கோத்தல், ரத்தக்கசிவு, சிலருக்குச் செவிப்பறை கிழிதல் என்று அது போகும். கிழிந்த பறை பெரும்பாலும் வாரங்களில் தானே ஆறிவிடும். மிக அரிதாக உட்காதின் மெல்லிய சவ்வு கிழிந்து தலைசுற்றலும் நிலைத்த செவிக்குறைவும் வருவதுண்டு. சைனஸில் அதிகம் பாதிக்கப்படுவது நெற்றி அறை. அதன் வடிகால் நீண்டு குறுகியது என்பதால் அடைபட்டால் எளிதில் திறக்காது. விமானம் இறங்கும் நேரத்தில் புருவத்துக்கு மேலே ஆணி அறைந்தது போன்ற வலி வருவதற்கு அதுவே காரணம்.

மனிதர் பறக்கத் தொடங்கிய ஆண்டிலேயே இந்த வலியும் பதிவாகிவிட்டது. 1783 டிசம்பர் 1 அன்று பாரிஸில் ஹைட்ரஜன் பலூனில் பறந்த ழாக் சார்ல், அன்று மாலை இரண்டாம் முறை தனியாக ஏறினார். பலூன் விரைந்து 3,000 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. காதில் தாங்க முடியாத வலி வந்து கீழே இறங்கிய அவர், வாழ்நாளில் மறுபடி பறக்கவே இல்லை. வாயுக்களின் விரிவு குறித்துப் பள்ளிப் பாடத்தில் நாம் படிக்கும் சார்லஸ் விதி இவர் பெயரால் வழங்குவதுதான். அழுத்தம் மாறினால் காற்றின் கன அளவு மாறும் என்பது அவருக்கும் நூறாண்டுக்கு முன்பே ராபர்ட் பாயில் நிறுவிய உண்மை. இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த ஒரு விஷயத்தை, விமானக் கட்டண விதிகளை எழுதுகிறவர்கள் மட்டும் கணக்கில் எடுக்காமல் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 2018 செப்டம்பர் 20 அன்று காலை மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு 166 பயணிகளுடன் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில், உள்ளறைக்கு அழுத்தக் காற்றை அனுப்பும் பொத்தானை இயக்க விமானிகள் தவறிவிட்டார்கள். விமானம் மேலே ஏற ஏற உள்ளழுத்தம் குறைந்தது. ஆக்சிஜன் முகமூடிகள் இறங்கின. சுமார் முப்பது பேருக்கு மூக்கிலோ காதிலோ ரத்தம் வந்தது. பலர் தலைவலியால் துடித்தார்கள். விமானம் மும்பைக்கே திரும்பியது. விமானிகள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள், விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. அந்த விமானம் எட்டிய உயரம் ஏறத்தாழ 11,000 அடிதான். இயல்பான பறத்தலில் உள்ளறை போகக்கூடிய 8,000 அடியோடு ஒப்பிட்டால் மலைக்க வைக்கும் வித்தியாசம் இல்லை. துன்பத்துக்கு முக்கியக் காரணம் வேகம். உள்ளறையின் அழுத்தம் நிமிடத்துக்கு 500 அடி அளவில் மெல்ல மாறுமாறு விமானத்தின் கருவிகள் பார்த்துக்கொள்ளும். அன்று அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் விமானம் ஏறிய வேகத்திலேயே பயணிகளின் காதும் ஏறி இறங்கியது. நல்ல மூக்கு உள்ளவர்களின் குழாயால்கூட அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கடும் சளி பிடித்தவருக்கு நேர்வது இதன் மறுபக்கம். கருவிகள் எல்லாம் சரியாக வேலை செய்யும் விமானத்திலும் அவருடைய குழாயால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அன்று நாடே அந்த 166 பேருக்காகக் கொதித்தது. அது சரியான கோபம். ஒவ்வொரு நாளும் தனித்தனி இருக்கைகளில் ஒருவர் இருவராக இதே வலியை அனுபவிப்பவர்களுக்காக யாரும் கேட்பதில்லை.

இது என் சொந்த அச்சம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. காது, மூக்கு, சைனஸ் தொற்று உள்ளவர்கள், குறிப்பாக யூஸ்டேசியன் குழாய் அடைபட்டவர்கள், விமானப் பயணத்தைத் தவிர்க்க வேண்டியவர்களின் பட்டியலில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பயணிகளுக்கான தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. விமான நிறுவனங்களின் சொந்தக் கூட்டமைப்பான ஐயாட்டாவின் மருத்துவக் கையேடு, காதடைப்பை விடுவித்துக்கொள்ள முடிந்தால்தான் இத்தகையோரை ஏற்றலாம் என்கிறது. விமானிகளுக்கு விதி இன்னும் கண்டிப்பானது. உடல்தகுதி குறைந்திருப்பதை உணர்ந்தால் உரிமம் பெற்ற விமானி பணியில் ஈடுபடக் கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் சொல்கின்றன. மூக்கடைத்துக்கொண்டு பறக்காதே என்பது பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லித்தரும் பாடம். விமானம் இறங்கும் நேரத்தில் நெற்றி வலியால் கண்ணைத் திறக்க முடியாத விமானி எல்லோர் உயிருக்கும் ஆபத்து என்பதால் அவருக்கு அந்தக் கண்டிப்பு, சரி. ஆனால் முன்னால் அமர்ந்திருப்பவரின் காதும் இருபதாம் வரிசையில் அமர்ந்திருப்பவரின் காதும் ஒரே சதையால் ஆனவைதான். ஒருவருக்குத் தகுதிக் குறைவாகத் தெரிகிற சளி இன்னொருவருக்கு வெறும் சாக்காக எப்படி ஆகும்?

பயணச்சீட்டு விதிகள் இதை எப்படிப் பார்க்கின்றன? பயணி ரத்து செய்தால் பிடித்தம் செய்யும் தொகை, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2016-இல் வரையறுத்தது. வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் எந்தச் சீட்டுக்கும், சலுகை விலைச் சீட்டுக்கும்கூட, திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னது. இது பயணிக்குச் சாதகமான விதிதான். ஆனால் மலிவான சீட்டு வாங்கியவருக்குப் பெரும்பகுதி அடிப்படைக் கட்டணமாகவே இருக்கும், அது முழுவதும் போகலாம் என்பதே இதன் பொருள். தேதியை மாற்றலாமே என்றால், மாற்றுக் கட்டணத்தோடு புதிய நாளின் விலை வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். பண்டிகை முடிந்த வாரத்தில் அந்த வித்தியாசம் பழைய சீட்டின் விலையையே மிஞ்சும். 2025 நவம்பரில் இயக்குநரகம் வெளியிட்ட வரைவில், பயணியின் மருத்துவ அவசரநிலைக்காக ரத்து செய்யப்படும் சீட்டுக்கு நிறுவனங்கள் பணத்தையோ பிற்பாடு பயன்படுத்தும் வரவையோ தரலாம் என்று ஒரு வரி இடம்பெற்றது. அரசு இந்தப் பக்கம் திரும்பியதே நல்ல அறிகுறி. ஆனால் ‘தரலாம்’ என்பது உரிமை ஆகாது. மேலும் ‘அவசரநிலை’ என்றதும் மருத்துவமனைப் படுக்கைதான் எல்லோர் நினைவுக்கும் வரும். கடும் சைனஸ் வீக்கத்துக்கு யாரும் படுக்கையில் சேர்வதில்லை. வீட்டில் ஒரு வாரம் மருந்து சாப்பிட்டால் போதும். தரையில் அவசரமாக இல்லாத ஒன்று வானத்தில் அவசரமாக மாறும் என்பதுதான் இந்த நோயின் தனித்தன்மை. அதை அந்த வரி பிடிக்கவில்லை.

இன்னொரு பாரபட்சமும் இதில் இருக்கிறது. பயணியின் உடல்நிலை பறப்பதால் மோசமாகும் என்றோ, அவருக்குப் பிறரைத் தொற்றும் நோய் இருக்கிறது என்றோ தெரிந்தால் மருத்துவச் சான்றிதழ் கேட்கும் அதிகாரம் விமான நிறுவனத்துக்கு உண்டு. சான்றிதழ் இல்லையென்றால் ஏற்ற மறுக்கலாம். அதே மருத்துவர், அதே முத்திரையோடு, ‘இவர் ஏழு நாள் பறக்கக் கூடாது’ என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான சீட்டுகளில் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பயணியைத் தடுக்கச் செல்லுபடியாகும் சான்றிதழ், பயணியைக் காக்கச் செல்லாது என்பது எந்த நியாயத்திலும் சேராது.

இதன் சுமை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. அலுவலகச் செலவில் பறப்பவர் தேதி மாற்றும் வசதியுள்ள விலை உயர்ந்த சீட்டில் போகிறார்; அவருக்குச் சளி பிடித்தால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மாகறல் போன்ற ஊரிலிருந்து துபாய்க்கோ குவைத்துக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர், காஞ்சிபுரத்து ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த மிக மலிவான சீட்டோடு போகிறார். வேலையில் சேர வேண்டிய தேதி ஒருபக்கம், சீட்டுக்காக வாங்கிய கடன் மறுபக்கம். காது வலிக்கும் என்று தெரிந்தாலும் ஏறத்தான் செய்வார். உள்நாட்டுப் பயணி என்றால் ரயில் இருக்கிறது, பேருந்து இருக்கிறது. கடல் தாண்டிப் போகிறவருக்கு அதுவும் இல்லை. ஏஜென்ட் மூலம் வாங்கிய சீட்டாக இருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது என்று விதி இருப்பதோ, பயணம் செய்யாத சீட்டின் வரித்தொகை தனக்குத் திரும்பி வர வேண்டும் என்பதோ அவரிடம் யாரும் சொல்வதில்லை. இந்த மாவட்டத்தின் பரந்தூரிலேயே புதிய விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2022-இல் அறிவிப்பு வந்தது. அதற்காக மக்களின் நிலங்களை எடுக்கலாமா என்பது தனியாகப் பேச வேண்டிய பெரிய வழக்கு. அதை எதிர்த்து நிற்கும் ஏகனாபுரம் மக்களை நான் மதிக்கிறேன். ஆனால் விமானப் பயணம் இனி நகரத்தாருக்கு மட்டுமானது என்று நினைத்து விதி எழுத முடியாது என்பதை அந்த அறிவிப்பே ஒப்புக்கொள்கிறது.

சளியோடு பறக்கிறவர்களில் பெரும்பாலோர் பெரிய சேதமில்லாமல் இறங்கிவிடுகிறார்களே, மருந்தும் இருக்கிறதே என்று ஒரு வாதம் உண்டு. முதல் பாதி உண்மை. சாதாரண நீர்மூக்கோடு, காது தாராளமாகத் திறந்து மூடும் நிலையில் இருப்பவரைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி, காது திறக்காதவரைப் பற்றியது. மருந்தைப் பொறுத்தவரை, விமானத்தில் அடிக்கடி காதுவலி வருகிற பெரியவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 1994-இல் வெளியானது. கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பு சூடோஎபெட்ரின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 32 சதவீதத்தினருக்கு வலி வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 62 சதவீதத்தினருக்கு. மருந்து பாதியளவு உதவுகிறது என்று இதைப் படிக்கலாம். மருந்து சாப்பிட்டும் மூன்றில் ஒருவருக்கு வலி நிற்கவில்லை என்றும் படிக்கலாம். ரத்த அழுத்தம், இதய நோய், புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. ஐம்பது வயதைக் கடந்த நம் மக்களில் எத்தனையோ பேர் இந்த வரிசையில் வந்துவிடுவார்கள். மூக்கில் அடிக்கும் மருந்துகள் இன்னும் குறைவாகவே உதவுவதாக அடுத்து நடந்த ஆய்வு காட்டியது. குழந்தைகளுக்கு மாத்திரையால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. மருந்து இருக்கிறது என்பது எல்லோருக்கும் பொருந்தும் விடை ஆகாது.

போலிச் சான்றிதழ்கள் பெருகிவிடும் என்பது அடுத்த எதிர்ப்பு. இதை லேசாக ஒதுக்கக் கூடாது. நம் ஊரில் விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது என்பது எல்லோரும் அறிந்தது. அதனால்தான் நான் கேட்பது முழுப் பணத்தைத் திரும்பத் தரும் உரிமையை இல்லை. பணம் கைக்கு வருவதாக இருந்தால் பொய்க்கு ஆசை வரும். ஒரு சீட்டுக்கு ஒரே ஒருமுறை, அதே பயணிக்கு, அதே வழித்தடத்தில், பத்து நாட்களுக்குள் இடமிருக்கும் வேறொரு விமானத்துக்கு மாற்றம் என்று வரம்பு கட்டினால் பொய் சொல்லிப் பெறக்கூடிய லாபம் மிகச் சிறியது. சான்றிதழில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டும் செல்லும், புறப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பாவது தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கலாம். பொய்ச் சான்றிதழ் தருவது தொழில்முறை ஒழுங்கீனம் என்றும், அதற்காக மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம் என்றும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நீதிமன்றங்களும் அரசு அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் மருத்துவர் கையெழுத்தை நம்பித்தான் விடுப்பும் அவகாசமும் தருகின்றன. ஏமாற்றுகிறவர்கள் சிலர் இருப்பார்கள் என்பதற்காக அவர்கள் யாரும் அந்த முறையைக் கைவிடவில்லை.

விமான நிறுவனங்களின் நஷ்டம் என்ன என்பது நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. இந்தியாவில் இந்தத் தொழில் லாபம் குறைந்தது. கிங்ஃபிஷர் 2012-இலும் ஜெட் ஏர்வேஸ் 2019-இலும் கோ ஃபர்ஸ்ட் 2023-இலும் பறப்பதை நிறுத்தின. ஆகவே சுமை ஏற்றும்போது யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். கடைசி நேரச் சீட்டுகள் உச்ச விலைக்குப் போகும் பண்டிகை வாரத்தில் ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் முன்பே இருக்கையை விட்டுக்கொடுத்தால், அது பெரும்பாலும் அவர் கொடுத்ததைவிட அதிக விலைக்கு விற்கும். அவரை ஏற்றிக்கொள்ளும் மாற்று விமானத்தில் காலியாகப் போகவிருந்த ஓர் இருக்கை நிரம்பும். கூட்டம் குறைந்த மாதங்களில் விட்டுக்கொடுத்த இருக்கை விற்காமல் போகலாம். ஆனால் அப்போது மாற்று நாளிலும் இருக்கைகள் காலியாகத்தான் இருக்கும். மிஞ்சுவது ஒரு சிறிய இழப்பு. அதை எல்லாச் சீட்டுகளிலும் பரப்பினால் ஒரு பயணிக்கு மிகச் சொற்பத் தொகையே வரும், அதைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. காப்பீடு எடுத்துக்கொள்ளட்டுமே என்று சிலர் சொல்வார்கள். பயணக் காப்பீட்டுப் பத்திரங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும்படி எழுதப்படுகின்றன. அதுவும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். ஏஜென்டிடம் சீட்டு வாங்குகிறவருக்கு அது பயன்படாது.

பக்கத்து இருக்கைக்காரரின் நியாயமும் இதில் இருக்கிறது. 1977-இல் அமெரிக்காவின் அலாஸ்காவில் எந்திரக் கோளாறால் ஒரு விமானம் நாலரை மணி நேரம் தரையில் நின்றது. அதில் பெரும்பகுதி நேரம் காற்றோட்டக் கருவி ஓடவில்லை. காய்ச்சலும் இருமலுமாக ஒரே ஒருவர் உள்ளே இருந்தார். அடுத்த மூன்று நாளில் உடன் இருந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு இன்ஃபுளுயன்சா கண்டது. இன்றைய விமானங்களில் நுண்கிருமிகளையும் பிடிக்கும் வடிகட்டிகள் இருக்கின்றன. காற்றோட்டம் இயங்கும்போது நிலைமை இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் இருமுகிறவரின் வரிசையிலும் முன்பின் வரிசைகளிலும் அமர்ந்திருப்பவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகம் என்பதை 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டுக் காட்டியது. கொரோனா காலத்தில் இதை அரசே ஏற்றுக்கொண்டது. அறிகுறி உள்ளவர் ஏறக் கூடாது என்று தடுத்தார்கள், தேதியை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், நிறுவனங்கள் மாற்றுக் கட்டணத்தைக் கைவிட்டன. ஊரடங்கில் முடங்கிய சீட்டுகளுக்குப் பணமோ வரவோ தர வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஏற்பாடுகளால் விமானத் துறை கவிழ்ந்துவிடவில்லை. நோயாளி வீட்டில் இருப்பது பொது நன்மை என்று அன்று ஒப்புக்கொண்டவர்கள், நோய் போனதும் அந்த நன்மையின் விலையை மறுபடி நோயாளியிடமே வசூலிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

விதி வரும்வரை பயணி தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிளம்புவதற்கு முதல்நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள். இரண்டு காதும் ‘டப்’ என்று திறந்தால் பெரிய பயமில்லை. திறக்கவே இல்லை, அல்லது குனிந்தால் நெற்றியோ மேல்வரிசைப் பல்லோ வலிக்கிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டாமல் ஏறாதீர்கள். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், விமானம் இறங்கத் தொடங்கும்போது தூங்காதீர்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும். அறிவிப்பு வந்ததும் எழுப்பும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். மூக்கை மூடிக்கொண்டு பலமாக ஊதுவது ஆபத்து, சளியை நடுக்காதுக்குள்ளேயே தள்ளிவிடும். அடைப்பு நீக்கும் மூக்குச் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகும். இறங்கிய பிறகு காது கேட்காமலோ தலைசுற்றியோ இருந்தால் ‘தானே சரியாகும்’ என்று காத்திருக்க வேண்டாம்.

இவை எல்லாம் தற்காப்புதான். தள்ளிப்போடும் உரிமை இல்லாதவரிடம் ‘ஏறாதே’ என்று அறிவுரை சொல்வது அவர் துன்பத்தை அவர் தவறாகவே ஆக்கிவிடுகிறது. தலைமை இயக்குநரகம் தன் விதியில் சேர்க்க வேண்டியது நீண்ட பத்தி ஒன்றுமில்லை. பதிவு பெற்ற மருத்துவர் பறக்கக் கூடாது என்று சான்றளித்தால், பயணி ஒருமுறை பத்து நாட்களுக்குள் கட்டணமும் விலை வித்தியாசமும் இன்றித் தேதியை மாற்றிக்கொள்ளலாம். காது, மூக்கு, சைனஸ் தொற்றும் இதில் அடங்கும். இவ்வளவுதான். காஞ்சிபுரம் மக்களவை உறுப்பினர் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். வாசகர்களும், சளியோடு ஏற நேர்ந்து காது பாதிக்கப்பட்டால், அந்த வலியை விதி என்று விழுங்கிவிடாமல் மருத்துவச் சீட்டோடு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகாராகப் பதிவு செய்யுங்கள். கேட்கப்படாத குறைக்கு எந்த அரசும் விதி எழுதியதில்லை.